தன்மை, படர்க்கை, துப்பாக்கி

தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடத்தை மூன்றாகப் பிரித்தார்கள் நம் இலக்கணக்காரர்கள். ‘எஃப்.பி.எஸ்.’ (ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்) என்று பிள்ளைகள் சொல்லும் கணினி விளையாட்டு வகை இதில் தன்மையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆடுகிறவரின் முகம் திரையில் தெரியாது. கீழ்மூலையிலிருந்து நீளும் ஒரு கை, கையில் துப்பாக்கி, நடுவில் குறிபார்க்க ஒரு புள்ளி. அவ்வளவுதான் ‘நான்’. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் படர்க்கை. முன்னிலைக்கு அங்கே வேலையில்லை. வருகிறவனைப் பார்த்து ‘நீ யாரப்பா?’ என்று கேட்க விசைப்பலகையில் ஒரு விசையும் ஒதுக்கப்படவில்லை.

இவ்விளையாட்டுகளைப் பற்றி நம் ஊரில் பேச்செடுத்தால் அது வன்முறையில் தொடங்கி வன்முறையிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், இவை ஆடப்படும் கருவியைப் பார்க்க வேண்டும். வீட்டு மேசையில் இருக்கும் கணினி, உரிமையாளர் கைக்கு ஏறக்குறைய முழுமையாகத் திறந்து கிடக்கும் இயந்திரம். எந்தக் கோப்பையும் பிரிக்கலாம், எந்த நிரலையும் மாற்றலாம், உள்ளே இருக்கும் அட்டையைக் கழற்றி வேறு செருகலாம். பிளேஸ்டேஷனிலோ கைப்பேசியிலோ இந்தச் சுதந்திரம் இல்லை. கணினிச் சுடும் விளையாட்டின் பெருமைகளையும் சீர்கேடுகளையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் இரண்டும் இந்தத் திறந்த கதவில்தான் வந்து முடிகின்றன.

1993 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் இருந்த ‘ஐடி சாஃப்ட்வேர்’ என்ற சின்ன நிறுவனம் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. முதல் பாகம் இலவசம். நகலெடுத்து நண்பருக்குக் கொடுங்கள் என்றே சொன்னார்கள். பிடித்திருந்தால் மீதிப் பாகங்களைக் காசு கொடுத்து வாங்கலாம். இந்த வியாபார முறையைவிடப் பெரிய காரியம் ஒன்றை அதன் தலைமை நிரலாளர் ஜான் கார்மாக் செய்திருந்தார். விளையாட்டை இயக்கும் எஞ்சினைத் தனியாகவும், சுவர், அரக்கன், ஓசை, வரைபடம் போன்ற சரக்குகளை ‘வாட்’ என்ற கோப்பில் தனியாகவும் வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’யை ரசிகர்கள் பாடுபட்டு உடைத்துத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோபப்படுவதற்குப் பதில், அடுத்த விளையாட்டில் பூட்டையே எடுத்துவிட்டார் கார்மாக். 1997இல் மூல நிரலையும் பொதுவில் வைத்தார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் டூமுக்குப் புதிய நிலைகளை யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த வழக்கத்திலிருந்து கிளைத்ததுதான் ‘மாட்’ என்னும் கலை: ஒருவர் செய்த விளையாட்டை இன்னொருவர் பிரித்து வேறொன்றாக்குவது. 1998இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட ‘ஹாஃப்-லைஃப்’ ஒரு விஞ்ஞானி வேற்றுலக உயிர்களிடம் மாட்டிக்கொள்ளும் கதை. கனடாவில் மாணவராக இருந்த மின் லே, ஜெஸ் கிளிஃப் என்பவரோடு சேர்ந்து அதைப் பிரித்து, இரண்டு அணிகள் மோதும் விளையாட்டாக மாற்றினார். ஒரு சுற்றில் செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். 1999 ஜூனில் வெளியான அந்த மாட்தான் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’. அடுத்த ஆண்டே அதன் உரிமையை வால்வ் வாங்கி, மின் லேயையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்றும் உலகில் அதிகம் ஆடப்படும் கணினி விளையாட்டுகளின் வரிசையில் அது நிற்கிறது.

‘ஆர்மா’ என்ற ராணுவ விளையாட்டுக்கும் இதேபோல் ஒரு கிளைக் கதை உண்டு. அதைப் பிரித்து டீன் ஹால் என்பவர் ‘டேஸெட்’ செய்தார். அதைப் பிரித்து பிரெண்டன் கிரீன் என்பவர், கடைசி ஆள் நிற்கும்வரை ஆடும் ‘பேட்டில் ராயல்’ வடிவத்தைச் செய்தார். அது வளர்ந்து 2017இல் கணினிக்கு வந்தது ‘பப்ஜி’. நம் தெருமுனைகளில் பையன்கள் கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கத்தியதும், 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்ததும் இதன் கைப்பேசி வடிவத்தைத்தான். யாரோ இருவர் தங்கள் கணினியில் ஒரு விளையாட்டைப் பிரித்துப் பார்த்திராவிட்டால் அந்தக் கூச்சலே நம் தெருவுக்கு வந்திருக்காது.

அடுத்தது மவுஸ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணினியில் மட்டுமே இவ்வகை ஆட்டம் முழுமையாக இருக்கிறது என்று வாதிடுவோர் பலருக்கு அதன் காரணத்தைச் சொல்லத் தெரிவதில்லை. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலின் கட்டைவிரல் குச்சி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்திருக்கும்வரை பார்வை வலப்பக்கமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். இலக்கு வந்ததும் சரியான நேரத்தில் விட வேண்டும். மவுஸ் இடத்தைக் கட்டுப்படுத்துகிறது. கையை மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினால் பார்வை இத்தனை டிகிரி திரும்பும், எப்போதும் அதே அளவுதான். சில மாதப் பழக்கத்தில் அந்த அளவைக் கை மனப்பாடம் செய்துவிடுகிறது. தட்டச்சர் விசையைப் பார்க்காமல் அடிப்பது போன்ற, மிருதங்கக்காரர் கண்ணை மூடி வாசிப்பது போன்ற உடலறிவு அது. குச்சியில் ஆடுகிறவர்களுக்கு விளையாட்டே ரகசியமாகக் கைகொடுத்து, குறியை இலக்கின் பக்கம் மெல்ல இழுத்துவிடுகிறது. இதற்கு ‘எய்ம் அசிஸ்ட்’ என்று பெயர். மவுஸ்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது, தவறினால் தவறியதுதான்.

வேடிக்கை என்னவென்றால், மவுஸால் மேலும் கீழும் பார்க்கலாம் என்பதே ஆரம்பத்தில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. டூமில் மேலே பார்க்கவே முடியாது. 1996இல் அதே ஐடி நிறுவனம் வெளியிட்ட ‘குவேக்’கில் முடியும், ஆனால் அந்த வசதியை ஆட்டக்காரர் தானே கட்டளை எழுதி இயக்கிக்கொள்ள வேண்டும். டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞர் இடக்கை விரல்களை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளிலும் வலக்கையை மவுஸிலும் வைத்து எல்லாரையும் வீழ்த்தினார். 1997இல் நடந்த குவேக் போட்டியில் அவர் வென்ற பரிசு, கார்மாக்கின் சொந்த ஃபெராரி கார். அதன் பிறகு உலகம் முழுக்க இடக்கைகள் அந்த நான்கு விசைகளில் போய் உட்கார்ந்துவிட்டன. எந்த நிறுவனமும் அதை வடிவமைத்துக் கொடுக்கவில்லை.

எஃப்.பி.எஸ். என்ற அதே மூன்றெழுத்து, திரையில் நொடிக்கு எத்தனை படம் விழுகிறது என்பதற்கும் சுருக்கம். செலவு தொடங்கும் இடம் இதுதான். நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 16.7 மில்லிநொடி, 240 காட்டும் திரையில் 4.2. சராசரி மனிதர் கண்ணால் பார்த்து விரலை அசைக்கவே ஏறத்தாழ 200 மில்லிநொடி ஆகிறது என்னும்போது இந்த வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இருவர் ஒரே சமயத்தில் சுடும்போது அற்பமும் கணக்கில் வரும். எனவே கிராபிக்ஸ் கார்டு, வேகத் திரை, இலகுவான மவுஸ் என்று பணக்காரர் ஆட்டமாக இது நகர்ந்துகொண்டே போகிறது. பணத்தைக் கொட்டிய பிறகும் நிம்மதி இல்லை. கன்சோல் ஒரே வார்ப்பு. கணினி ஆயிரம் வகை. ஒவ்வொரு கார்டுக்கும் ஒளிநிழல் நிரல்களை அந்தந்த வீட்டிலேயே தொகுக்க வேண்டியிருப்பதால், புது விளையாட்டின் முதல் மணி நேரத்தில் திரை திக்கித் திக்கி நகர்வது சகஜமாகிவிட்டது. ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ 2019இல் வட்டில் 175 ஜி.பி. இடம் கேட்டது. டூமின் இலவசப் பாகம் இரண்டு ஃபிளாப்பியில் அடங்கியது.

இந்தப் பேராசையால் விளைந்த ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். சுடும் விளையாட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் வேகமான கார்டு கேட்டதால் வளர்ந்த சிப்புகளே பிறகு செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமாயின. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் திருப்புமுனையை உண்டாக்கிய ‘அலெக்ஸ்நெட்’ பயிற்றுவிக்கப்பட்டது, விளையாட்டுக்காக விற்கப்பட்ட இரண்டு ஜிடிஎக்ஸ் 580 கார்டுகளில்.

காசு கொடுத்தும் வாங்க முடியாதது ஒன்று உண்டு: தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கும் ‘ஐ2ஐ’ கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் சர்வரைத் தொட்டுத் திரும்ப, இடையில் எந்தச் சுணக்கமும் இல்லாவிட்டாலும் 32 மில்லிநொடி ஆகும். நடைமுறையில் அதைவிட அதிகம். மும்பைக்குக் கேபிள் சாலையோரமாக 1,300 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 13. கவுண்டர்-ஸ்ட்ரைக்குக்கு மும்பையோடு சென்னையிலும் சர்வர் வைத்திருக்கிறது வால்வ். அந்த விதத்தில் தாம்பரத்துப் பையன் கொடுத்துவைத்தவன்.

தாமதத்தை ஒழிக்க முடியாது, மறைக்கத்தான் முடியும். குவேக் வந்த புதிதில் மோடம் வைத்திருந்தவர்கள் விசையை அழுத்திவிட்டு, சர்வர் ஒப்புதல் சொன்ன பிறகே நகர்வதைப் பார்த்தார்கள். சேற்றில் நடப்பது போல இருந்தது. 1996 முடிவதற்குள் கார்மாக் ‘குவேக்வேர்ல்டு’ என்ற மாற்றுப் பதிப்பைக் கொண்டுவந்தார். அதில் ஆட்டக்காரரின் கணினி, சர்வரின் பதிலுக்குக் காத்திருக்காமல் தானே ஊகித்து நகர்த்திவிடும். ஊகம் தவறினால் பிறகு திருத்திக்கொள்ளும். சுடுவதற்கு இது போதவில்லை. வால்வின் யான் பெர்னியர் 2001இல் எழுதிய கட்டுரையில் அடுத்த படியை விளக்கினார். நீங்கள் சுட்ட செய்தி வந்து சேர்ந்ததும் சர்வர் காலத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டுகிறது. நீங்கள் விசையை அழுத்தியபோது உங்கள் திரையில் எதிரி எங்கே தெரிந்தாரோ அந்த இடத்தில் அவரை நிறுத்தி, குண்டு பட்டதா என்று பார்க்கிறது.

சுட்டவருக்கு இது நியாயம். சுடப்பட்டவர் தன் திரையில் சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துவிட்டார். ஒளிந்த பிறகு சாகிறார். மூலையில் காத்திருப்பவரைவிட மூலையிலிருந்து பாய்கிறவருக்கு எப்போதும் சில மில்லிநொடி அனுகூலம் என்பதும் இதன் விளைவே. சர்வர் நொடிக்கு 64 முறை கணக்குப் பார்ப்பதா, 128 முறை பார்ப்பதா என்று ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டதைக் கேட்டவர்களுக்கு இது பைத்தியமாகப் படும். முதலாவதில் இடைவெளி 15.6 மில்லிநொடி, இரண்டாவதில் 7.8. என் அனுபவத்தில், தோற்றவர்கள் எல்லாரும் இதைத்தான் குற்றம் சொல்வார்கள்; நானும் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தாமதத்தை மறைக்கும் வித்தையிலிருந்துதான் ஏமாற்று பிறக்கிறது. எதிரி மூலை திரும்பும் கணத்தில் திணறாமல் தோன்ற வேண்டுமானால், அவர் சுவருக்குப் பின்னால் இருக்கும்போதே அவர் இடம் என் கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாது என்பது விளையாட்டின் ஒப்பந்தம். ஆனால் கணினி என்னுடையது. அதன் நினைவகத்தைப் படிக்கும் சின்ன நிரல் ஒன்று இருந்தால் சுவர் கண்ணாடியாகிவிடும், அதுதான் ‘வால்ஹேக்’. அந்த இடத்தை நோக்கி மவுஸைத் தானாகத் திருப்பினால் ‘எய்ம்பாட்’. மின் லே விளையாட்டைப் பிரித்ததும் ஏமாற்றுக்காரர் பிரிப்பதும் ஒரே திறந்த கதவின் வழியாகத்தான். முந்தையவரை அனுமதித்துப் பிந்தையவரைத் தடுக்கும் கதவை இன்றுவரை யாரும் செய்யவில்லை.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியப் போட்டி ஒன்றில் இந்திய அணியின் ஆட்டக்காரர் ஒருவர் மேடையிலேயே பிடிபட்டார். கணினியில் இருந்த ஏமாற்று நிரலின் கோப்புப் பெயர் ‘வேர்டு.இஎக்ஸ்இ’. கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருள் என்று நடுவர் நினைத்துக்கொள்ளட்டும் என்ற நம்பிக்கை. அணியே கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒருவரின் கோப்பு ஒரு நாட்டின் ஆட்டக்காரர்கள் அனைவர்மீதும் சந்தேக நிழலை விழவைத்தது. நேர்மையாக ஆடி நன்றாகச் சுடுகிறவரைப் பார்த்தும் ‘ஹேக்’ என்று கத்துவது இன்று எல்லாச் சர்வரிலும் பழக்கம். ஏமாற்றின் முழுச் சேதத்தில் இதுவும் சேரும்.

இதற்கு ரயட் நிறுவனம் 2020இல் ‘வேலோரண்ட்’ விளையாட்டோடு தந்த மருந்து இரண்டு. ஒன்று நுட்பமானது: எதிரி பார்வைக்கு வரப்போகும் தறுவாய்வரை அவர் இருப்பிடத்தைச் சர்வர் அனுப்பவே அனுப்பாது. இரண்டாவது முரட்டு வைத்தியம். ‘வேன்கார்டு’ என்ற காவல் நிரல், இயங்குதளத்தின் ஆழத்தில், கர்னல் என்னும் அடித்தளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கணினி கண்விழிக்கும்போதே அதுவும் விழித்துவிடும், நீங்கள் அன்று ஆடாவிட்டாலும். ஏமாற்று குறைகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் திருடனைப் பிடிக்க வந்த காவலரிடம் பீரோ சாவியையும் கொடுத்துவைக்கும் ஏற்பாடு இது. 2022இல் வேறொரு விளையாட்டின் காவல் நிரலையே ஆயுதமாக்கி, பிணைப்பணம் பறிக்கும் கும்பல் கணினிகளின் வைரஸ் தடுப்பை முடக்கியது. கர்னலில் உட்காரும் நிரல் சறுக்கினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலையில் உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன, விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. அது விளையாட்டு நிரல் இல்லை. உட்கார்ந்த இடம் அதேதான். இந்தக் காவலின் பெயரால், லினக்ஸ் என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கு வேலோரண்டில் இடமே கிடையாது. ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’ என்ற சுடும் விளையாட்டு, தான் கொடுத்திருந்த இடத்தையும் 2024 இறுதியில், ஏமாற்றைக் காரணம் காட்டித் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இனி வன்முறை. சுடும் விளையாட்டு ஆடினால் கவனம் கூர்மையாகிறது என்ற ஆய்வுகள் உண்டு. ஷான் கிரீனும் டாப்னி பவேலியரும் 2003இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது புகழ்பெற்றது. ஆடிப் பழக்கமில்லாதவர்களை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் 10 நாள் ‘மெடல் ஆஃப் ஹானர்’ ஆடவைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ‘டெட்ரிஸ்’. சுட்டவர்களின் காட்சிக் கவனம் கூடுதலாக முன்னேறியது. ஆள் எண்ணிக்கை குறைவு, எதிர்பார்ப்பே பலனைத் தந்திருக்கலாம் என்ற எதிர்வாதங்களும் வலுவானவை. மறுபக்கம், ஆக்ஸ்ஃபர்டின் பிரஸிபில்ஸ்கியும் கார்டிஃபின் வைன்ஸ்டைனும் 2019இல், பிரிட்டனின் ஆயிரம் பதின்வயதினரிடம் ஆய்வு முறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுத் தேடியும், வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தட்டுப்படவில்லை. பெற்றோரின் பயத்துக்கும் நிறுவனங்களின் விளம்பரத்துக்கும் இரண்டுக்குமே சான்று மெலிதுதான். ஆடுவதை நிறுத்த முடியாமல் படிப்பும் தூக்கமும் கெடுவது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் அதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுடும் விளையாட்டுக்கு மட்டும் உரியதாக இல்லை.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது துப்பாக்கியைவிட, அது யார் கையிலிருந்து யாரை நோக்குகிறது என்பது. 2002 ஜூலை 4 அன்று அமெரிக்க ராணுவமே ஆள்சேர்ப்புக்காக ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற இலவச விளையாட்டை வெளியிட்டது. இரண்டு அணிகள் மோதும். இரண்டு அணியினருக்கும் தங்கள் திரையில் தாங்களே அமெரிக்க வீரர்கள். எதிரணி மட்டுமே எதிரி. நான் உங்களுக்கு எதிரியாகத் தெரியும் அதே நொடியில் நீங்கள் எனக்கு எதிரியாகத் தெரிகிறீர்கள். எதிரியாக இருந்து பார்க்கும் அனுபவம் யாருக்கும் வாய்க்காது. இருபது ஆண்டு அப்படியே ஓடி, 2022இல் மூடப்பட்டது. தன்மையும் படர்க்கையும் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்கப்பட்ட இன்னொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் இந்த விஷயத்தில் நேர்மையானது. பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற வேண்டும். குண்டு வைத்தவர் குண்டை எடுக்கப் போவார்.

பணம் பறிக்கும் பக்கத்தையும் விடக்கூடாது. 2013இல் கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் ‘ஸ்கின்’கள் வந்தன. பெட்டியைத் திறக்கச் சாவி வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். பந்தயத் தளங்கள் அவற்றையே சூதாட்டச் சில்லுகளாக்கிப் பள்ளிப் பிள்ளைகள்வரை இழுத்தன. 2018இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. வண்ணத்தால் குறி ஒரு மில்லிமீட்டர்கூடக் கூர்மையாவதில்லை. சீர்கேடு பணத்தோடு நிற்பதில்லை. குரல் அரட்டையில் பெண் குரல் கேட்டால் சில ஆண்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி எழுதவே கூசுகிறது. மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கதவு மூடுவதன் கடைசிக் கட்டம், விளையாட்டே ஆட்டக்காரரிடம் இல்லாமல் போவது. சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் ‘கான்கார்டு’ என்ற சுடும் விளையாட்டை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பு. ஆடுவதற்கு ஆள் வரவில்லை. செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்திவிட்டார்கள், பதினான்கு நாள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் பிடித்துப்போன சிலர் தங்களுக்குள்ளாவது ஆடிக்கொள்ளலாம் என்றால் வழி கிடையாது. விளையாட்டின் பாதி உயிர் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. 2012இல் வந்து லட்சக்கணக்கானோர் ஆடிய ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்’கூட 2023இல் அடுத்த பதிப்பு வந்தபோது அதன் இடத்திலேயே கரைக்கப்பட்டது. பழையதுதான் வேண்டும் என்றவர்களுக்கு அப்போது வழக்கமான விற்பனைப் பட்டியலில் அது இல்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இணையம் நத்தையாக ஊர்ந்தது. ஆனாலும் எட்டுக் கணினிகளை ஒரு ஸ்விட்ச் பெட்டியில் கேபிளால் கோத்து, கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடினார்கள். பிரதி உரிமம் வாங்கியதா என்று யாரும் கேட்கவில்லை. எட்டில் ஒன்றே சர்வர். சிங்கப்பூரும் வேண்டாம், மும்பையும் வேண்டாம். தாமதம் ஒரு மில்லிநொடிக்கும் கீழே. வால்ஹேக் போட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து மண்டையில் தட்டுவார். சுட்டதும் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ‘டேய், நீயா அது?’ என்று குரல் வரும். அந்தப் பழைய கோப்புறை யாரிடமாவது இருந்தால், அதே கேபிளில் அது இன்றைக்கும் ஓடும்.